பழைய டீசல் கார் வாங்கலாமா? க்ராய்டன் தம்பிக்கும், புதிதாக இங்கிலாந்து வந்திருக்கும் மற்றவர்களுக்கும்

க்ராய்டனில் குடியேறி நான்கு மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 2013 மாடல் ஹேட்ச்பேக், 1.6 டீசல், 94,000 மைல் ஓடியது, விலை 2,900 பவுண்ட். வருட வரி வெறும் 20 பவுண்ட்தான் என்று விற்பவர் சொல்கிறாராம். பிள்ளைகள் இருவர், பள்ளி ஒன்றரை மைல் தூரம், சனிக்கிழமை டூட்டிங் போய் அரிசி பருப்பு, மாதம் ஒரு முறை கோவில். "ஊரில் அப்பாவிடம் இருந்ததும் டீசல் வண்டிதான் அண்ணா, பதினைந்து வருஷம் உழைத்தது, வாங்கிவிடலாமா?" என்கிறார்.

வேண்டாம் தம்பி. வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் அது ஓடப்போகிற ரோடு அதற்கு ஏற்ற ரோடு இல்லை.

முதலில் பணக் கணக்கு. யூலெஸ் என்பது, புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்கு லண்டனில் நாள் கட்டணம் போடுகிற பகுதி. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (நகராட்சிப் பகுதிகளும்) அந்த எல்லைக்குள் வந்துவிட்டன. க்ராய்டனும் உள்ளே, டூட்டிங்கும் உள்ளே. டீசல் கார் யூரோ 6 என்கிற புகைத் தரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் காருக்கு யூரோ 4 போதும். தேறாத வண்டியை எடுத்து ஓட்டுகிற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ட். வாசலில் நிறுத்தி வைத்தால் கட்ட வேண்டாம், தெருமுனை வரை ஓட்டினாலும் கட்ட வேண்டும். 2013 டீசல் பெரும்பாலும் யூரோ 5. வருடத்துக்குப் பள்ளி 190 நாள். அதற்கு மட்டும் 2,375 பவுண்ட். சனிக்கிழமைகளைச் சேர்த்தால் மூவாயிரத்தைத் தாண்டும். வண்டியின் விலையை விட அதிகமாக, ஒவ்வொரு வருடமும். ஒரு நாள் கட்ட மறந்தால் 180 பவுண்ட் அபராதம், 14 நாளுக்குள் கட்டினால் பாதி. இப்போது தெரியும், அந்த வண்டி ஏன் இவ்வளவு மலிவாக வருகிறது என்று.

இதை வெறும் வசூல் என்று நினைக்காதீர்கள். உங்கள் பக்கத்து லூயிஷாமில், சவுத் சர்க்குலர் சாலைக்கு அருகில் வளர்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்கிற ஒன்பது வயதுச் சிறுமி 2013-இல் ஆஸ்துமாவில் இறந்தாள். அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி பதிவு செய்தார். நம் பிள்ளைகளும் அதே தெருக்களில்தான் நடந்து பள்ளிக்குப் போகிறார்கள்.

மாடல் வருடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 2015 செப்டம்பருக்குப் பிறகு பதிவான டீசல் பொதுவாக யூரோ 6. ஆனால் சில 2014 வண்டிகளும் தேறும், 2015 கடைசியில் பதிவானவற்றில் சில தேறாது. லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் வண்டியின் பதிவு எண்ணைப் போட்டால் அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். பர்மிங்காமில் இருப்பவர்களுக்கு நடு நகர வளையத்துக்குள் 8 பவுண்ட், பிரிஸ்டலில் 9 பவுண்ட். அங்கும் டீசல் காருக்கு இதே யூரோ 6 விதிதான்.

அடுத்தது நம் ஊர்ப் பழக்கம். டீசல் என்றால் மிச்சம் என்று நம் மனதில் பதிந்ததற்குக் காரணம் உண்டு. 2014 அக்டோபர் வரை இந்தியாவில் டீசல் விலையை அரசு தாங்கிப் பிடித்தது, லிட்டருக்கு நல்ல வித்தியாசம் இருந்தது. இங்கே பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரே எரிபொருள் வரி, பங்க்கில் பெரும்பாலும் டீசல்தான் விலை அதிகம். பிறகு ஏன் இங்கே எங்கு பார்த்தாலும் பழைய டீசலாகக் கிடக்கிறது? 2001-இல் சாலை வரியைக் கரியமில வாயுக் கணக்கோடு சேர்த்தார்கள். டீசலுக்கு அந்தக் கணக்கில் எண் குறைவு, வரியும் குறைவு. பத்து வருடத்தில் புதிதாக விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி டீசல். உங்களிடம் சொன்ன அந்த 20 பவுண்ட் வரியும் அந்தக் காலத்து மிச்சம்தான். 2025 மார்ச் வரை அந்த வகை வண்டிகளில் பலவற்றுக்கு அதுகூடக் கிடையாது.

இன்னொன்று, சொல்லிலேயே ஒரு குழப்பம். நம் ஊரில் "மைலேஜ் எவ்வளவு" என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பதில் வரும். இங்கே மைலேஜ் என்றால் வண்டி இதுவரை ஓடிய தூரம். லிட்டர் கணக்குக்கு மைல்ஸ் பர் கேலன் என்பார்கள். 55 என்று போட்டிருந்தால் நம் கணக்கில் லிட்டருக்குப் பத்தொன்பதரை கிலோமீட்டர்.

உங்கள் ஓட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 4,000 மைல், எல்லாம் ஊருக்குள். பெட்ரோல் வண்டி கேலனுக்கு 40 மைல், டீசல் 48 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 1.40 பவுண்ட், டீசல் 1.48 என்றால் வருடம் முழுவதற்கும் மிச்சம் எழுபத்தாறு பவுண்ட். யூலெஸ் இல்லாத ஊரில் இருந்தால்கூட இதற்காக டீசல் வாங்கக் கூடாது. ஏன் என்பது டி.பி.எஃப். என்கிற பொருளில் இருக்கிறது.

புகைக்குழாய்ப் பாதையில் உட்கார்ந்து கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி அது. பிடித்த கரியை 600 டிகிரி அளவுக்குச் சூடாகி எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறி, நிற்காமல் ஒரு பதினைந்து இருபது நிமிடம் ஓட வேண்டும். ஒன்றரை மைல் பள்ளிப் பயணத்தில் எஞ்சின் சூடாவதற்குள் வண்டியை அணைத்துவிடுவோம். பாதியில் நின்ற எரிப்பு அடுத்த முறை மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். எரிப்புக்காகக் கூடுதலாக விட்ட டீசல் எஞ்சின் ஆயிலில் போய்ச் சேரும்.

நானே இதில் மாட்டினேன். 2016-இல் ஹாரோவில் இருந்தபோது 4,200 பவுண்டுக்கு ஒரு டீசல் வாங்கினேன். மனைவி தினமும் இரண்டு மைல் நர்சரிக்கு ஓட்டுவார். ஐந்தாவது மாதத்தில் சில வித்தியாசங்கள் தெரிந்தன. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சுற்று வழக்கத்தை விடக் கொஞ்சம் ஏறி நிற்கும். வீட்டு வாசலில் சாவியை எடுத்த பிறகும் முன்பக்க விசிறி இரைந்துகொண்டே இருக்கும், இறங்கினால் சூடான இரும்பு வாடை. ஆயில் குச்சியை இழுத்தால் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தது, முகர்ந்தால் டீசல் நெடி. இவையெல்லாம் வண்டி கொடுத்த எச்சரிக்கை என்று எனக்குத் தெரியவில்லை. டேஷ்போர்டில் ஆரஞ்சு எச்சரிக்கை விளக்கு எரிந்தபோதும் இரண்டு வாரம் விட்டுவிட்டேன். ஜனவரியில் பர்மிங்காம் பக்கத்து டிவிடேல் பாலாஜி கோவிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். எம்40 மோட்டர்வேயில் ஹை விக்கம் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. எவ்வளவு மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் போகவில்லை, பக்கத்தில் லாரிகள் சீறிக்கொண்டு போகின்றன, பின் சீட்டில் குழந்தை. மீட்பு வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. முதலில் கராஜில் கட்டாய எரிப்பு செய்து கொடுத்தார்கள், இரண்டு மாதத்தில் மறுபடி அடைத்தது. கடைசியில் வடிகட்டியையே மாற்ற 1,150 பவுண்ட் ஆனது. அந்தச் சாலையோரக் குளிர் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, அப்படியானால் டீசலே கூடாதா? நார்தாம்ப்டனில் இருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார், தினமும் கவென்ட்ரிக்கு வேலைக்குப் போகிறாராம், ஒரு பக்கம் 35 மைல். அக்கா, நீங்கள் தாராளமாக டீசல் பார்க்கலாம். வருடத்துக்குப் பதினாறாயிரம் மைல், பெரும்பாலும் மோட்டர்வே. மேலே சொன்ன அதே கணக்கில் உங்களுக்கு வருடம் 300 பவுண்ட் அளவுக்கு மிச்சமாகும், வடிகட்டியும் தினமும் தானாகச் சுத்தமாகிவிடும். யூரோ 6 மட்டும் எடுங்கள், பர்மிங்காம் பக்கம் போக வேண்டி வந்தாலும் கவலை இல்லை. பல யூரோ 6 வண்டிகளுக்கு ஆட்ப்ளூ என்று தனித் தொட்டியில் ஒரு திரவம் ஊற்ற வேண்டும். அது தீர்ந்து, எச்சரிக்கையையும் கவனிக்காமல் விட்டால், அடுத்த முறை எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

பார்க்கப் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது எம்.ஓ.டி. (வண்டிக்கு வருடாவருடம் செய்கிற தகுதிச் சோதனை) வரலாறு. அரசின் தளத்தில் இலவசம், பதிவு எண் போதும். எதில் தேறியது, எதில் தோற்றது, எதை எச்சரித்தார்கள், ஒவ்வொரு வருடமும் எத்தனை மைல் என்று எல்லாம் இருக்கும். பலர் தேறியதா என்று மட்டும் பார்த்து மூடிவிடுகிறார்கள். டீசல் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது மைல் கணக்கைத்தான். வருடம் பதினைந்தாயிரம் ஓடி 1,10,000 மைலில் நிற்கிற டீசலை நான் நம்புவேன். 48,000 மைல் மட்டுமே ஓடி, கடைசி மூன்று வருடம் இரண்டாயிரம் மூவாயிரமாக நகர்ந்த டீசலை நம்ப மாட்டேன். அது கடைக்கும் பள்ளிக்கும் போய் வந்த வண்டி, என் பழைய வண்டியின் கதைதான் அதற்கும். நம் ஊரில் குறைவாக ஓடியதைத் தேடி வாங்குவோம், பழைய டீசலுக்கு அது எப்போதும் சரிவராது.

வண்டியை எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். நீங்கள் போகும்போதே பானட் சூடாக இருந்தால், ஏன் ஏற்கெனவே ஓட்டினார் என்று கேளுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஒரு வெள்ளை டிஷ்யூவை விரலில் சுற்றிப் புகைக்குழாய் வாயின் உள்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக இருக்கிற வண்டியில் லேசான சாம்பல் நிறம்தான் வரும். மை போலக் கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கலாம், அல்லது யாரோ வெட்டி எடுத்திருக்கலாம். எடுத்த வண்டி 2014 பிப்ரவரியில் இருந்து எம்.ஓ.டி.யில் தோற்கும். அப்புறம் ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் க்ளட்ச்சை மிதித்து மிதித்து விடுங்கள். கடகட சத்தம் மாறினால் ஃப்ளைவீல் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு, க்ளட்ச்சோடு சேர்த்து மாற்றினால் பெரிய செலவு. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது.

தாள்களில் ஏமாறுகிறவர்களும் அதிகம். வி5சி என்கிற லாக் புக்கில் இருக்கிற விலாசத்தில்தான் வண்டியைப் பார்க்க வேண்டும், கார் பார்க்கில் சந்திக்கலாம் என்றால் போகாதீர்கள். அந்தத் தாள் உரிமைக்குச் சான்று இல்லை, யார் பொறுப்பில் வண்டி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் கழித்துக் கட்டியதா என்று காசு கொடுத்துப் பார்க்கிற சோதனை தனியாக உண்டு, அதைச் செய்யாமல் வாங்க வேண்டாம். வியாபாரியிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம்: பழுதான வண்டியை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. முதல் வண்டிக்கு இருநூறு முந்நூறு கூடப் போனாலும் வியாபாரியிடம் வாங்குவதே நல்லது என்பது என் எண்ணம்.

வண்டி பிடித்துப்போன பிறகு இன்சூரன்ஸ் கேட்காதீர்கள், முன்பே கேளுங்கள். நம் ஊர் லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளில் இருந்து 12 மாதம் ஓட்டலாம், ஆனால் முதல் வருடம் பிரீமியம் கடுமையாக இருக்கும். பார்க்கிற ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் போட்டு விலை எடுங்கள். உறவினர் பெயரில் பாலிசி எடுத்து உங்களைத் துணை ஓட்டுநராகக் காட்டினால் மலிவு என்று யாராவது சொல்வார்கள். தினமும் ஓட்டுவது நீங்கள் என்றால் அது மோசடி, விபத்து நடந்தால் ஒன்றும் கிடைக்காது.

தம்பி, உங்களுக்கு நான் சொல்வது பெட்ரோல். ஹோண்டா ஜாஸ், 1.8 பெட்ரோல் சிவிக், கொஞ்சம் கூடப் போட முடிந்தால் டொயோட்டா ஆரிஸ் ஹைப்ரிட். ஜாஸ் வெளியே சிறிசாகத் தெரியும், பின் சீட்டை மடித்தால் தள்ளுவண்டியும் இரண்டு இருபது கிலோ அரிசி மூட்டையும் சாதாரணமாக உள்ளே போகும். டொயோட்டா ஹைப்ரிட்களிலும் பழைய ஜாஸிலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்துத் திருடுகிறார்கள், இரவில் தெருவில் நிறுத்துகிறீர்கள் என்றால் அதற்குப் பூட்டு ஒன்று போட்டுவிடுங்கள். இரண்டு குழந்தை சீட்டையும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரை இங்கே அது கட்டாயம்.

எது வாங்கினாலும் பழைய உரிமையாளர் கட்டிய வரி உங்களுக்கு வராது. லாக் புக்கில் கிழித்துக் கொடுக்கிற பச்சைத் தாளில் உள்ள எண்ணை வைத்து, அங்கேயே போனில் வரி கட்டி, இன்சூரன்ஸைத் தொடங்கிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். பங்க்கில் பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல்.

சனிக்கிழமை வேறு ஒரு வண்டி பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். அதன் பதிவு எண்ணை இன்று ராத்திரியே அனுப்புங்கள், எம்.ஓ.டி. வரலாற்றைச் சேர்ந்தே படித்துவிடலாம்.