பெரியண்ணன் ஆஸ்பத்திரி (நாலு பேர் மட்டும்)

அண்ணி: எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்துவிட்டது. போன தடவை மூளையில் இரண்டு டி.பி. கட்டி, இப்போது ஐந்து இருக்கிறதாம். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டவர், இன்றைக்கு இரண்டு தடவை வாந்தி. ராத்திரி மாத்திரையை நான் கொடுக்கவில்லை.

சின்னண்ணன்: அண்ணி, நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தியை உடனே டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்துப் போடுங்கள், பெயர் இருக்கும் மேல் பக்கத்தை மடித்துக்கொண்டு.

சித்தப்பா: கட்டி கூடினால் மருந்து சேரவில்லை என்றுதானே அர்த்தம்?

சின்னண்ணன்: இந்த இடத்தில் அப்படியே சொல்லிவிட முடியாது சித்தப்பா. ஆள் இல்லாத வீட்டில் திருடன் சத்தமில்லாமல் இருப்பான், வீட்டுக்காரன் திரும்பி வந்தால்தான் அடிதடி. எச்.ஐ.வி.யால் அடங்கிக் கிடந்த எதிர்ப்பு சக்தி மாத்திரையால் எழுந்து, டி.பி. கிருமி செத்துக் கிடந்தாலும் அதன் மேல் பாய்கிறது. ஐரிஸ் என்பார்கள். கழுத்துக் கட்டியில் வந்தால் வெளியே வீங்கும், மண்டைக்குள் வீங்க இடம் ஏது?

நான்: ரிப்போர்ட்டில் ரிங் என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

சின்னண்ணன்: கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்தால் டி.பி. கட்டியின் ஓரம் மட்டும் வளையல் மாதிரி மின்னும். சுற்றிலும் நீர் கோத்திருப்பது இன்னொரு படத்தில், ஓதம் ஏறிய சுவர் மாதிரி வெள்ளையாகத் தெரியும். நான் தினமும் மிஷினில் எடுக்கிறேன், ஆனால் வளையத்தை மட்டும் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது. டாக்ஸோபிளாஸ்மா கிருமியும் அப்படித்தான் தெரியும், மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யும் அப்படித்தான். அதனால்தான் முதுகில் நீர் எடுத்துப் பார்ப்பதும், டோஸ் விட்டுப்போனதா என்று துருவுவதும். அண்ணி, வென்ட்ரிக்கிள் என்று ஒரு வரி இருக்கும், மூளைக்குள் நீர் இருக்கும் அறை, அதைப் படியுங்கள்.

அண்ணி: நார்மல் என்று இருக்கிறது.

சின்னண்ணன்: அப்பாடா. மூளைக்குள் நீர் தேங்கி அழுத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சித்தப்பா: டி.பி. மருந்து கொடுத்துவிட்டு எச்.ஐ.வி. மருந்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் காக்க வைத்தார்களே, அதனால் வந்த வினையோ?

சின்னண்ணன்: காக்க வைத்ததே இது வரக்கூடாது என்றுதான் சித்தப்பா. நுரையீரல் டி.பி. என்றால் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிடுவார்கள். மூளைக்காய்ச்சல் டி.பி. வேறு. வியட்நாமில் 253 பேரிடம், உடனே கொடுப்பதா இரண்டு மாதம் கழித்தா என்று பார்த்தார்கள், 2011-இல் வெளிவந்தது. உடனே கொடுத்ததில் கூடுதலாக யாரும் பிழைக்கவில்லை, கடுமையான பக்கவிளைவுதான் அதிகம். தள்ளிப்போட்டாலும் சிலருக்கு வரத்தான் செய்கிறது.

அண்ணி: டாக்டர் வந்து பார்த்தார். அதே பெயர்தான் சொன்னார், ஐரிஸ். டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசியைக் கூட்டியிருக்கிறார். டி.பி. மாத்திரை, ஏ.ஆர்.டி. இரண்டும் அப்படியே போகட்டும் என்றார். நிறுத்தி வைத்தேன் என்று சொன்னதற்கு நல்ல திட்டு. ராத்திரி எச்.ஐ.வி. மாத்திரை டோலுடெக்ராவிர் 9.40-க்குக் கொடுத்துவிட்டேன்.

நான்: காலையில் ஒன்று போட்டாரே அண்ணி?

அண்ணி: டி.பி. மருந்து இதன் வேகத்தைக் குறைத்துவிடுமாம், அதனால் இரண்டு வேளை.

சின்னண்ணன்: ஸ்டீராய்டு ஏற்றினால் சர்க்கரை ஏறும், பார்த்தார்களா?

அண்ணி: 212. அத்தைக்கு என்ன சொல்ல தம்பி? வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்களாம்.

நான்: தலைவலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன் அண்ணி. காலையில் ஃபிளாஸ்கில் காபி கொண்டு வருகிறேன், சர்க்கரை இல்லாமல்.