தொட்டி அல்லி: இலை வருது, பூ வரலை. மண்ணா, தண்ணியா?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

மொட்டை மாடியில் 2 அடி விட்டம், ஒன்றரை அடி உயரத்தில் சிமெண்ட் தொட்டி. கேப்பர் மலைச் செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு போட்டு, நர்சரியில் வாங்கிய வெள்ளை அல்லியை நட்டு இரண்டு மாதம் ஆகிறது. இலை உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. விளிம்பு மஞ்சளாகிறது, சில இலைகளில் முட்டை வடிவத்தில் வெட்டு. தண்ணீர் பாசிப்பச்சை. போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 1400. தினமும் 6 மணி நேரம் வெயில் உண்டு. எதை முதலில் மாற்ற வேண்டும்? அல்லித்தண்டைச் சமைக்கலாம் என்கிறார்களே, அதையும் சொல்லுங்கள்.

நீர்ப்பூ_பாகூர்

முதலில் மண்ணை மாற்றுங்கள். நார்த்தூளும் மண்புழு உரமும் நீருக்கடியில் காற்றில்லாமல் அழுகும். ஒரு பகுதி மிதக்கும், மற்றதன் சத்து தண்ணீரில் கரைந்து பாசிக்குப் போய்ச் சேரும். உங்கள் தொட்டியில் சாப்பாடு பாசிக்கு, பட்டினி அல்லிக்கு. செம்மண்ணும் மணல் கலந்தது, சத்தைப் பிடித்து வைக்காது.

அல்லிக்கு வேண்டியது ஏரி வண்டல் அல்லது நெல்வயல் களிமண். ஈரமாக்கி விரல் கனத்துக்கு உருட்டி வளையமாக வளையுங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் அதுதான் சரியான மண்.

செடியைத் தொட்டியில் நேராக நடவேண்டாம். ஓட்டையில்லாத, 12 அங்குல வாயுள்ள பிளாஸ்டிக் பேசினில் நட்டு உள்ளே இறக்குங்கள். அடியில் 10 கிராம் டிஏபி உரமும் ஒரு கைப்பிடி எலும்புத்தூளும், மேலே 8 முதல் 10 கிலோ களிமண். கிழங்கை நடுவில் நேராக வைத்து, குருத்து மண்மட்டத்துக்கு மேலே தெரியும்படி அழுத்துங்கள். குருத்து புதைந்தால் அழுகிவிடும், பலருக்கும் செடி போவது இங்கேதான். மேலே ஓர் அங்குலம் ஆற்று மணல் பரப்பினால் மண் கலங்காது.

முதல் பத்து நாள் குருத்துக்கு மேல் 4 அங்குலம் தண்ணீர் போதும். பேசினுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு, இலை நீள நீளச் செங்கல்லை எடுத்துவிடுங்கள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை 5 கிராம் டிஏபியைக் களிமண் உருண்டைக்குள் பொதிந்து, குருத்திலிருந்து 3 அங்குலம் தள்ளி, 4 அங்குல ஆழத்தில் விரலால் செருகுங்கள். மேலாக வைத்தால் உரம் கரைந்து தண்ணீரில் அம்மோனியா ஏறும், மீன் விட்டிருந்தால் செத்துப்போகும்.

பச்சைத் தண்ணீரைப் பார்த்து அடிக்கடி மாற்றாதீர்கள். பாதிக்கு மேல் நீர்ப்பரப்பை இலை மூடியதும் வெளிச்சம் குறைந்து பாசி தானே அடங்கும்.

உப்புக்காற்று

மண் விஷயத்தில் பாகூர்க்காரர் சொன்னதே சரி. ஆனால் 1400 டிடிஎஸ் தண்ணீரில் மூன்று வாரத்துக்கு ஒரு டிஏபி அதிகம். மாதம் ஒன்று போதும்.

கணக்குப் பாருங்கள். உங்கள் தொட்டி சுமார் 100 லிட்டர் பிடிக்கும். கோடையில் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் ஆவியாகும். தண்ணீர்தான் போகிறது, உப்பு அங்கேயே நிற்கிறது. குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் டிடிஎஸ் 2800. இலை விளிம்பு மஞ்சளாவதில் இதற்கும் பங்கு இருக்கிறது.

வாரம் ஒரு வாளி, சுமார் 15 லிட்டர், அடியிலிருந்து சைபன் பண்ணி எடுத்துவிடுங்கள். நிரப்பும்போது பாதியாவது குழாய்த் தண்ணீர் சேருங்கள். குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்திருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியை வழிய விடுங்கள், சேர்ந்த உப்பை மழையே கழுவும்.

தொட்டி புதிதா? புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக் காரத்தன்மை கூடும். சாணமும் வாழைத்தண்டும் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டுக் கொட்ட வேண்டும், இப்படி மூன்று முறை.

ஆம்பல்_புதுவை

அந்த முட்டை வடிவ வெட்டு இலைவெட்டிப் புழுவின் வேலை. வெட்டிய துண்டுகளை ஒட்டிக் கூடு செய்து அதற்குள் மிதக்கும். மிதக்கும் துண்டுகளைப் பொறுக்கி எறியுங்கள். அசுவினி இருந்தால் இலைகளை வலையால் அமுக்கி இரண்டு மணி நேரம் நீருக்குள் வையுங்கள், மீன் தின்றுவிடும். வேப்பெண்ணெய் தெளிக்காதீர்கள், எண்ணெய் படலமாகப் படிந்தால் மீனுக்கு மூச்சு முட்டும்.

கொசுவுக்கு ஐந்தாறு கப்பி மீன். மீன் வேண்டாமென்றால் பிடிஐ பாக்டீரியா மருந்து. புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமே இதில் ஒரு ரகத்தை உருவாக்கியிருக்கிறது. கடையில் கேட்கும்போது கவனம்: இலைப்புழுவுக்கான பிடி குர்ஸ்டாகி ரகம் வேறு, கொசுப்புழுவுக்கானது வேறு. ஒரு புழுவுக்கான மருந்து மற்றப் புழுவைக் கொல்லாது.

தண்டு சமையலுக்கு: நர்சரிச் செடியில் என்ன மருந்து அடித்தார்களோ, அதைத் தொடவேண்டாம். சுத்தமான குளத்தின் வெள்ளாம்பல் பூத்தண்டை எடுங்கள். இரண்டு அங்குலமாக ஒடித்து இழுத்தால் தோல் நாராக உரிந்து வரும். மஞ்சள், உப்பு கலந்த நீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்து, வதக்கிய சின்ன இறாலோடு ஐந்தாறு நிமிடம் வேகவிட்டுத் தேங்காய்த் துருவல் தூவுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், தண்டே விடும். முற்றிய காயை அழுக விட்டுக் கழுவினால் கிடைக்கும் விதைதான் அல்லியரிசி. சங்க காலத்தில் கைம்பெண்களின் உணவு அது. சாக்கடை கலக்கும் குளத்துக் கிழங்கு கூடவே கூடாது, ஈயம், காட்மியம் சேர்ந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இப்போதே மாற்றி நடலாமா? எத்தனை நாளில் பூக்கும்?

நீர்ப்பூ_பாகூர்

இப்போதே செய்யுங்கள். மஞ்சள் இலைகளை அடியோடு கிள்ளிவிட்டு இரண்டு மூன்று இளம் இலையோடு நடுங்கள். ஆறு வாரம் பொறுங்கள். இலை விளிம்பு பல்பல்லாக, அடிப்பக்கம் மென்முடியோடு இருந்தால் உங்களுடையது இரவு அல்லி: அந்திக்கு விரிந்து மறுநாள் முற்பகலில் மூடிவிடும், அதனால் மதியம் பார்த்துவிட்டுப் பூக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். ஒரு பூ மூன்று நான்கு இரவு விரியும். முதல் இரவு நடுக்குழியில் நீர் போலத் தேங்கியிருப்பது சூலகமுடியின் (மகரந்தத்தை ஏற்கும் பகுதியின்) சுரப்பு, நோயல்ல. மகரந்தம் அடுத்த நாளிலிருந்துதான் உதிரும்.