பழைய 26 இஞ்ச் கியர் சைக்கிளை மனைவிக்கு ஏத்த மாதிரி கட்டணும், ஃப்ரேம் ஒத்து வருமா?

அணைமேடு (கிருஷ்ணகிரி):
வீட்டுல ஒரு பழைய எம்டிபி (மவுன்டன் பைக்) சும்மா நிக்குது. ஸ்டீல் ஃப்ரேம், சீட் குழாய் 17 இஞ்ச், முன்னாடி 3 பின்னாடி 6 கியர், ஸ்டீல் ரிம், வி பிரேக். முன் ஷாக்கர் துருப்பிடிச்சு அமுங்கவே மாட்டேங்குது. மனைவிக்கு உயரம் 155 செ.மீ., எடை 56 கிலோ. லேடீஸ் சைக்கிள் நல்லா ஓட்டுவாங்க, கியர் வண்டி பழக்கமில்லை. காலையில கே.ஆர்.பி. அணை ரோடு, லீவு நாள்ல ராயக்கோட்டை ரோடு மேடு, அவ்வளவுதான். சுடிதார் போட்டுத்தான் ஓட்டுவாங்க. எதை மாத்தணும், எதை அப்படியே விடலாம்? ஃப்ரேமே ஒத்து வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க.

பால்ரேஸ் (தருமபுரி):
சாமான் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு அளவு எடுங்க தம்பி. தங்கச்சியைச் செருப்பில்லாம சுவரை ஒட்டி நிக்கச் சொல்லி, ஒரு கெட்டி அட்டை நோட்டைக் காலிடுக்குல மேல வரைக்கும் இறுக்கி வெச்சு, அதோட மேல் விளிம்புல இருந்து தரைக்கு டேப் பிடிங்க. அது கால் நீளம். அடுத்து வண்டியை நிமிர்த்தி, மேல் பாரோட நடுவுல இருந்து தரைக்கு அளங்க. கால் நீளத்தை விடப் பார் உயரம் 2 செ.மீ.யாவது கம்மியா இருக்கணும். இல்லேன்னா சடன் பிரேக் போட்டு இறங்கும்போது அடிபடும், அப்புறம் வண்டியைத் தொடவே மாட்டாங்க. சீட்டை இறக்கினா சரியாப் போயிடும்னு நினைக்காதீங்க, பார் இருக்குற இடத்துலதான் இருக்கும்.

அது தேறினா ஃப்ரேம் நேரா இருக்கான்னு நூல் பிடிச்சுப் பாருங்க. பின் சக்கரத்தைக் கழட்டிட்டு, அச்சு உட்காருற வெட்டுல ஒரு பக்கம் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுத்தி மறுபக்க வெட்டுக்கு இழுத்துக் கட்டுங்க. நூலுக்கும் சீட் குழாய்க்கும் நடுவுல உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா வரணும். ஒண்ணு ரெண்டு மி.மீ. ஓடலாம். 5 மி.மீ. போச்சுன்னா வண்டி கோணல், செயின் விழுந்துக்கிட்டே இருக்கும். ஹேண்டில் குழாய்க்குக் கீழ வெல்டிங் ஓரத்துல பெயிண்ட் கோடு மாதிரி வெடிச்சிருந்தா அது விரிசல். அந்த ஃப்ரேம்ல காசு போடாதீங்க.

ரெண்டும் சரின்னா முழு ஓவராயில். பி.பி. (பெடல் கை சுத்துற நடு அச்சும் பேரிங்கும்) கழட்டும்போது கவனம்: வலது கப் எதிர் மரை, கடிகார முள் போற பக்கம் திருப்பினாத்தான் கழலும். இடது பெடலும் அப்படித்தான். கிராங்கை (பெடல் கையை) சுத்தியலால தட்டாதீங்க, புல்லர் போட்டு எடுங்க. தட்டினா அச்சோட சதுர முனையும் பேரிங்கும் கெடும். பழைய அச்சோட நீளத்தை அளந்து, அதே நீளத்துல மூடின பேரிங் பி.பி. வாங்கிப் போட்டா அதை மறந்துடலாம். ஷெல் (பி.பி. உட்காருற ஃப்ரேம் குழாய்) அகலம் பெரும்பாலும் 68 மி.மீ. தான் வரும், இருந்தாலும் அளந்துக்குங்க. ஹப்ல (சக்கரத்தோட நடு உருளையில) பழைய பேரிங் குண்டைத் திரும்பப் போடாதீங்க. பொதுவா முன் சக்கரத்துல ஒரு பக்கத்துக்கு 3/16 இஞ்ச் குண்டு 10, பின் சக்கரத்துல ஒரு பக்கத்துக்கு 1/4 இஞ்ச் குண்டு 9. கோன்ல (குண்டு உருளுற கூம்புல) குழி விழுந்திருந்தா கோனையும் மாத்துங்க, புதுக் குண்டு மட்டும் போட்டா சீக்கிரம் ஆட்டம் வந்துடும்.

தொப்பூர்_ஏத்தம்:
கியர் பத்தி மட்டும் சொல்றேன். இந்த மாதிரி வண்டியில முன்னாடி 42/34/24 பல், பின்னாடி 14-28 பல் இருக்கும். எண்ணிப் பார்த்துக்குங்க. நிறைய பேர் முன்னாடி ஒரே 32 பல் போட்டு, பின்னாடி 14-34 போட்டா மேடு சுலபம்னு சொல்வாங்க. கணக்கு அப்படி வரலை. 24ஐ 28ஆல வகுத்தா 0.86, 32ஐ 34ஆல வகுத்தா 0.94. எண் சின்னதா இருந்தா மிதி லேசு, அதனால பழைய செட்டே மேட்டுக்கு லேசு. அதோட இந்த கிராங்க்ல பல்சக்கரம் பெரும்பாலும் ரிவிட் அடிச்சதுதான், தனியா மாத்த முடியாது.

என் யோசனை: முன்னாடி மூணையும் விட்டுடுங்க, பின்னாடி மட்டும் 14-34 ஏழு கியர் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரக் கட்டு) போடுங்க. தினமும் நடு 34லயே செயின் இருக்கட்டும், அவங்க வலது கையில இருக்குற பின் கியர் ஷிஃப்டரை மட்டும் பழகினாப் போதும். ராயக்கோட்டை மேட்டுல முன்னாடி 24க்கு இறக்கினா 0.7 கிடைக்கும். 34க்கு 14 போட்டு நிமிஷத்துக்கு 70 மிதி மிதிச்சா கிட்டத்தட்ட 21 கி.மீ. வேகம் வரும், அணை ரோட்டுக்கு அது தாராளம். 42 தேவையே இல்லை. முன் டிரெய்லரோட (செயினைப் பல்லுக்குப் பல் மாத்துற டீரெயிலர்) வெளி லிமிட் ஸ்க்ரூவை இறுக்கி, செயின் அங்க ஏறாம அடைச்சுடுங்க.

இதுல மாட்டிக்கிற இடம் மூணு. பழைய பின் டிரெய்லர் 28 பல்லுக்கு மேல தாங்காம இருக்கலாம், மேல் உருளை 34 பல்லுல இடிக்கும். 34 தாங்கும்னு போட்டிருக்கிற டிரெய்லரா வாங்குங்க. ஆறு கியர் ஷிஃப்டர் ஏழுக்கு ஒத்து வராது, அதையும் சேர்த்து வாங்கணும். ஏழு கியர் ஃப்ரீவீல் கொஞ்சம் அகலம், சின்னப் பல்லுக்கும் ஃப்ரேமுக்கும் 3 மி.மீ. இடைவெளி இல்லேன்னா அச்சுல வலப்பக்கம் வாஷர் சேர்த்து, ரிம்மைத் திரும்ப நடுவுக்கு இழுக்கணும். செயின் 3/32 இஞ்ச்னு கேட்டு வாங்குங்க. கியர் இல்லாத வண்டியோட 1/8 செயினைக் கடையில கொடுத்துட்டா பல்லுக்குப் பல் ஒழுங்கா மாறாது.

செங்காந்தள்:
அண்ணா, மேல பேசினதெல்லாம் சரி. ஓட்டுறவங்க பக்கத்துல இருந்து சில விஷயம். சுடிதார் பேன்ட் சிக்குறது 42 பல்லுலதான். அதுல செயின் ஏறாட்டியும் பல் பல்தானே. அதுக்கு வெளியில பிளாஸ்டிக் வட்டத் தட்டு ஒண்ணு போடுங்க. துப்பட்டா போய்ச் சிக்குறது பின் சக்கரத்துல, அதுக்கு மட்கார்டும் கேரியர் பக்கத்துல வலைத் தடுப்பும் வேணும்.

பிரேக் லீவர் சின்னக் கைக்கு எட்டாது. லீவருக்குள்ள சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதை உள்ள திருகினா லீவர் பாருக்குக் கிட்ட வரும். ரெண்டு விரலோட முதல் மடிப்பு லீவர்ல உட்காருற வரைக்கும் திருகிட்டு, அப்புறம் கேபிளை இறுக்குங்க. நம்ம ஊர்ல வலது லீவர் முன் பிரேக். முன்னாடி ரிம்மை மட்டுமாவது அலுமினியத்துக்கு மாத்திடுங்க, ஈர ஸ்டீல் ரிம்ல பிரேக் கட்டை வழுக்கும். கட்டையோட முன் நுனி, பின் நுனியை விட 1 மி.மீ. முன்னாடியே ரிம்மைத் தொடுற மாதிரி வெச்சா கீச்சுனு சத்தம் வராது. பிரேக் கேபிள் உறையையும் கியர் கேபிள் உறையையும் மாத்திப் போட விடாதீங்க. கியர் உறை பிரேக் இழுப்புக்குப் பிளந்துடும்.

சீட் உயரம்: கால் நீளத்தை 0.88ஆல பெருக்குங்க, பி.பி. நடுவுல இருந்து சீட் மேல் வரைக்கும் அந்த அளவு. லேடீஸ் சைக்கிள்ல உட்கார்ந்தபடியே ரெண்டு காலும் ஊன்றிப் பழகினவங்களுக்கு இது பயமா இருக்கும். முதல்ல 3 செ.மீ. இறக்கி வெச்சுட்டு, வாரத்துக்கு 1 செ.மீ. ஏத்துங்க.

அணைமேடு:
எல்லாருக்கும் நன்றி. அளந்துட்டேன். கால் நீளம் 72, பார் உயரம் 73. டயர் 26 × 1.95. நூல் பிடிச்சதுல வித்தியாசம் 1 மி.மீ.தான், விரிசல் இல்லை. ஷாக்கர் அச்சு நடுவுல இருந்து மேல் கிரீடம் (ரெண்டு காலும் சேருற இடம்) வரை 45 செ.மீ. பார் உயரத்தைக் குறைக்க வழி இருக்கா?

பால்ரேஸ் (தருமபுரி):
இருக்கு தம்பி. அந்த ஷாக்கர் எப்படியும் போகணும், கனமும் கூட. அதே இடத்துல 41 செ.மீ. ஷாக் இல்லாத ஸ்டீல் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை), வி பிரேக் முளை வெச்சது போட்டீங்கன்னா முன்பக்கம் 4 செ.மீ. இறங்கும், பாரோட நடுவுல 2 செ.மீ. கிடைக்கும். டயரை 1.5 அகலத்துக்கு மாத்தினா இன்னும் 1 செ.மீ. ஆக 70, தங்கச்சிக்கு 2 செ.மீ. மிச்சம். தார் ரோட்டுக்கு அது போதும். ஆனா ஹேண்டில் கொஞ்சம் வெடுக்குனு திரும்பும், பெடலும் ரெண்டரை செ.மீ. வரை தரைக்கு நெருங்கும். வளைவுல உள்பக்கப் பெடலை மேல வெச்சுத் திரும்பப் பழக்குங்க. கிராங்க் மாத்துறதா இருந்தா 170 மி.மீ. நீளத்துக்குப் பதில் 165 போடுங்க. கல் குவாரிப் பக்கம் ஜல்லி ரோட்டுல போறதா இருந்தா 1.5 டயர் வேண்டாம், 1.75 போட்டு அரை செ.மீ.யை விட்டுக்கொடுங்க.

1.5 டயருக்கு அவங்க எடைக்கு முன்னாடி 45, பின்னாடி 50 பி.எஸ்.ஐ. காத்து. நெருஞ்சியும் கருவேலமுள்ளும் இருக்குற ஊர், டயருக்கும் டியூபுக்கும் நடுவுல லைனர் பட்டை போடாம விடாதீங்க.

ஃபோர்க் வாங்கும்போது பாருங்க: மரை உள்ள மாடலா, மரை இல்லாததா, குழாய் விட்டம் 25.4 மி.மீ.யா 28.6ஆ, ஹேண்டில் குழாய் உயரத்துக்கு நீளம் போதுமா. 25.4 மரை மாடல்ல கீழ் ரேஸ் (ஹேண்டில் பேரிங் உருளுற வளையம்) உட்காருற இடம் 26.4, 27.0னு ரெண்டு அளவுல வரும். மாறிப்போச்சுன்னா ஒண்ணு அடிச்சாலும் ஏறாது, இல்லேன்னா லொடலொடன்னு ஆடும். பழைய ஃபோர்க்கைக் கழட்டிக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போய், வெர்னியர் வெச்சு அளந்து வாங்குங்க.