பழைய மார்டினி ஒற்றைக்குழல் துவக்கு வாங்கலாமா, இரட்டைக்குழலா?

தம்பலகாமம்_வயல்:
பன்றிக் காவலுக்கு 12 போர் துவக்கு ஒன்றுக்கு அனுமதி கிடைச்சிருக்கு. லைசன்ஸ் உள்ள ஒருவரிட்ட கிரீனர் கம்பனியின் ஜி.பி. எண்ட ஒற்றைக்குழல் நிக்குது. லீவரைக் கீழே இழுத்தால் உள்ளே கட்டை இறங்குற பழைய மார்டினி அமைப்பு. அதே விலைக்கு இங்கிலாந்து இரட்டைக்குழல் ஒன்றும் வருது. மனசு மார்டினியிலதான். ஒருக்கா வாங்கினால் பிள்ளைகள் காலத்துக்கும் நிக்கவேணும். வயல் தம்பலகாமத்தில, துவக்கு இருக்கப்போறது உப்புவெளி வீட்டில, கடலுக்குக் கிட்ட. எதைப் பார்த்து முடிவெடுக்கிறது?

பழைய_இரும்பு:
தம்பி, முதல்ல அது ஜி.பி. தானா எண்டு பாருங்கோ. அதே கம்பனி எகிப்துப் பொலிசுக்கும் மார்டினித் துவக்கு செய்தது. களவு போனாலும் சாதாரணத் தோட்டா வேலை செய்யாதபடிக்கு அதன் சேம்பர், அதாவது தோட்டா இருக்கிற அறை, வேறு அளவு. வெளியில இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். பொலிஸ் துவக்கு எண்டால் விட்டிடுங்கோ, அதுக்குத் தோட்டா தேடி அலைய ஏலாது.

அடுத்தது சேம்பர் நீளம். பழைய இங்கிலாந்துத் துவக்குகளில் பல 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். இப்ப பரவலா வாறது 70 மி.மீ. தோட்டா. அந்த 70 எண்டது வெடிச்சு வாய் விரிஞ்ச பிறகு உள்ள நீளம். மடிச்ச வாயோட அது 65 சேம்பருக்குள்ள தடையில்லாமல் போகும், லீவரும் மூடும். ஆபத்தே அங்கதான். வெடிக்கேக்க விரியுற வாய், சேம்பர் முடிஞ்சு குழல் குறுகுற இடத்தில போய் முட்டும், அழுத்தம் ஏறும். “உள்ள போகுதே” எண்டு நம்பக்கூடாது.

வெறுந்துவக்கா எண்டு பார்த்துப்போட்டு, முக்கால் அங்குல அகல இரும்பு அடிமட்டத்தை சேம்பருக்குள்ள விடுங்கோ. குழலின் உள் அகலம் ஏறத்தாழ 18.5 மி.மீ., சேம்பர் அதைவிட அகலம். அதால அடிமட்டம் குறுகுற இடத்தில நிக்கும். இது உத்தேசம்தான், முடிவான அளவுக்கு அளவுக்கட்டை வேணும்.

குழலில குத்தின சோதனை முத்திரையையும் வாசியுங்கோ, இப்பத்தைய புகையில்லா மருந்துக்குச் சோதிச்சதா எண்டு அதுதான் சொல்லும். “நைட்ரோ புரூஃப்” எண்டோ, கிரீடத்துக்குக் கீழ் பி.என்.பி. எண்டோ இல்லாட்டி அது கரிமருந்துக் காலத்துக் குழலாக இருக்கலாம். அதில இப்பத்தைய தோட்டா போடவே வேண்டாம்.

கிண்ணியா_கரை:
இரட்டைக்குழலையும் தள்ளிவிடாதீங்க. குழலுக்குக் கீழ இருக்கிற முன்கட்டையைக் கழற்றிட்டு, குழலைப் பூட்டின மாதிரியே வச்சுச் சோங்கை, அதாவது தோளில வைக்கிற மரப்பகுதியை, பக்கவாட்டில ஆட்டுங்க. டக் டக் எண்டால் பூட்டு தேஞ்சிருக்கு. பிறகு குழலைத் தனியாக் கழற்றி, அதன் அடியில உள்ள கொக்கியில நூல் கட்டித் தொங்கவிட்டு மரக்குச்சியால தட்டுங்க. மணிபோல நீண்டு ஒலிக்கணும். ஓட்டைச் சட்டி மாதிரிக் கேட்டால் இரண்டு குழலுக்கும் இடையில ஈயப்பற்று விட்டிருக்கு, உப்புக்காத்து அதுக்குள்ள இறங்கி மறைவா அரிக்கும். ஒற்றைக்குழலில இந்தத் தொல்லையே இல்ல. கடற்கரை வீட்டுக்கு அது பெரிய காரணம்.

தம்பலகாமம்_வயல்:
நன்றி நானா, நன்றி அண்ணா. ஜி.பி. தான், நைட்ரோ முத்திரையும் இருக்கு. அடிமட்டம் 66இல் நிக்குது. குழல் வாயிலிருந்து நாலு விரல் உள்ள கறுப்புப் புள்ளி தெரியுது. உயிருள்ள தோட்டா போடாமல் விசையை இழுத்துப் பார்த்தேன், ஊசி மந்தமா அடிக்கிற மாதிரிச் சத்தம்.

பழைய_இரும்பு:
66 எண்டால் 65 சேம்பராக எடுத்து, இரண்டரை அங்குலத் தோட்டா மட்டும். அது கிடைக்க வழியிருக்கா எண்டு கேட்டுப்போட்டுக் காசு குடுங்கோ. உருக்கு ரவை எந்தப் பழைய குழலுக்கும் ஆகாது.

கறுப்புப் புள்ளியை வெண்கலத் தூரிகையால பத்துத்தரம் தேயுங்கோ. ஈயப்படிவு எண்டால் சாம்பல் நிறமாத் துணியில வரும். தேய்ச்ச பிறகும் புள்ளிக்குள்ள நிழல் நிண்டால் அது துருக்குழி. வாய்ப்பக்கம் ஆழமில்லாத குழி பரவாயில்லை. சேம்பருக்கு முன்னால இருந்தால் வேண்டாம், அழுத்தம் கூடின இடம் அது.

மந்தமான ஊசிக்குப் பெரும்பாலும் காரணம் பழைய கிரீஸ் கட்டிபட்டது. கட்டையைக் கழற்றத் தெரிஞ்சவரிட்டக் குடுத்து மண்ணெண்ணெயில கழுவி, ஒரு துளி மெல்லிய எண்ணெய் மட்டும் விடச் சொல்லுங்கோ. கிரீஸ் திரும்பப் பூசவேண்டாம். அதுக்குப் பிறகும் மந்தம் எண்டால் சுருள்வில் தளர்ந்திருக்கு, மாற்றவேணும். இரண்டும் சரியாகாமல் வயலுக்குக் கொண்டுபோகாதேங்கோ. தோட்டா வெடிக்காட்டி உடனே திறக்கவும் கூடாது. வாயை ஆளில்லாத பக்கம் நீட்டி அரை நிமிசம் பொறுங்கோ.

கிண்ணியா_கரை:
உப்புவெளியில தோலுறைக்குள்ள வைக்கவே வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். கை பட்ட இடமெல்லாம் எண்ணெய்த்துணியால துடைச்சு, பூட்டின அலுமாரியில வாய் கீழாக நிறுத்துங்க. மேல்நோக்கி வச்சால் எண்ணெய் வழிஞ்சு சோங்கின் தலையில ஊறும், மரம் மெதுத்து வெடிக்கும். வாடைக்காத்து மாதங்களில கிழமைக்கொருக்கா திறந்து பாருங்க.

லைசன்ஸில உள்ள எண்ணும் இரும்பில குத்தின எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். பெயர் மாறி முடியுறவரைக்கும் துவக்கு அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.