புதுப்பிப்பு: சோனிக் 2-இன் காணாமல் போன அரண்மனை

1992-இல் வந்த 'சோனிக் 2' வீடியோ கேமிலிருந்து கடைசி நேரத்தில் வெட்டப்பட்ட 'ஹிட்டன் பேலஸ்' நிலையைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "விற்பனைக்கு வந்த கேட்ரிட்ஜில் அது உண்மையிலேயே இருக்கிறதா?" என்று பலர் கேட்டீர்கள்.

எச்சங்கள் இருக்கின்றன. கேம் ஜீனி போன்ற சீட் கருவியால் அந்த நிலையை வலுக்கட்டாயமாகத் திறந்தால், முதலில் அதன் பெயர் திரையில் வருகிறது. அடுத்த நொடியே ஆட்டத்தின் நாயகனான சோனிக் கீழே விழுந்து செத்துப்போகிறது, நிற்கத் தரையே இல்லை. ஆட்டத்தின் இசையை எண் போட்டுக் கேட்க உதவும் 'சவுண்ட் டெஸ்ட்' பட்டியலில் 10-ஆம் எண்ணைப் போட்டால், ஆட்டத்தில் வேறெங்கும் ஒலிக்காத ஒரு அருமையான இசை வரும். அதைக் கட்டாயம் கேளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சேதி இனிமேல்தான். அதே ஆட்டத்தின் 'மிஸ்டிக் கேவ்' நிலையில், இரண்டாம் பகுதியில் ஒரு முள்குழி உண்டு. சூப்பர் சோனிக்காக (சேர்த்த வளையங்களைச் செலவழித்து, எதுவும் தாக்காதபடி மாறும் சோனிக்கின் வடிவம்) அதில் விழுந்தால் முள் ஒன்றும் செய்யாது, ஏறி வரவும் முடியாது. வளையங்கள் தீரும்வரை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கிறிஸ்டியன் வைட்ஹெட்டும் சைமன் தாம்லியும் செய்த 2013 மொபைல் பதிப்பில், அதே குழிதான் ஹிட்டன் பேலஸுக்கு வாசல்! முழுதாக விளையாடலாம். விட்டுப்போன வேலையை இவ்வளவு மரியாதையோடு முடித்துவைத்த வேறொரு மறுபதிப்பை நான் பார்த்ததில்லை.