பில்லில் காப்பர், உள்ளே அலுமினியம்: இரண்டு வருடக் கெடு எந்த நாளிலிருந்து ஓடும்?

கொருக்குப்பேட்டை வாசி

எங்கள் தெரு அக்கா ஒருவர் வீட்டு ஏசி இந்தக் கோடையில் நின்றுவிட்டது. வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. மெக்கானிக் மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட்டைப் பிரித்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வீட்டுக்குள்ளிருந்து வரும் குழாய் காப்பர்தான், செம்பு நிறம் பளிச்சென்று தெரிகிறது. மூடியைக் கழற்றினால் உள்ளே காயில் வெள்ளையாக இருக்கிறது. வளைவில் அரத்தால் உரசினார், அடியிலும் வெள்ளைதான். அலுமினியம். இணைப்புப் பக்கம் உப்புக்காற்றில் அரித்து, கேஸ் மொத்தமும் போயிருக்கிறது. ஆனால் கடை பில்லில் "100% காப்பர் காயில்" என்று அச்சடித்திருக்கிறார்கள்.

கடையில் போய்க் கேட்டால், "ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு, கன்ஸ்யூமர் கோர்ட்டுலயும் எடுக்க மாட்டாங்க" என்கிறார்கள். திருகாணி போட்டு மூடிய பெட்டிக்குள் இருப்பதை வாங்கிய அன்றே அந்த அக்கா எப்படித் தெரிந்துகொள்வார்? தெரியவந்த நாளிலிருந்துதான் கெடு ஓட வேண்டும் என்கிறேன். யாராவது மறுத்துச் சொல்லுங்கள்.

ராயபுரம் கடைக்காரர்

நான் மறுக்கிறேன் தம்பி. பொய் பில் போட்டவருக்காகப் பேச வரவில்லை, அது தப்புதான். ஆனால் "தெரியவந்த நாள்" என்பது வாங்கியவர் வாயிலிருந்து வருவது. அதை நான் எப்படிச் சரிபார்ப்பது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் இடுப்பளவு தண்ணீர்! ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் அதில் ஊறின. அப்புறம் ஆறு மாதம் கழித்து "தயாரிப்பிலேயே கோளாறு" என்று கொண்டுவந்தவர்கள் உண்டு. மாடல் மாறிப்போகும், ஸ்டாக்கிஸ்ட் மாறிப்போவார், கம்பெனி ஆள் மாறிப்போவார். பழைய பேப்பரைக் கட்டிக்கொண்டு எத்தனை வருடம் காத்திருப்பது? சிறிய கடைக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும்.

இன்னொன்று. காயிலைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடு அநேகமாக எல்லா ஏசியிலும் அலுமினியம்தான். உங்கள் மெக்கானிக் அதைப் பார்த்துச் சொல்லிவிட்டாரோ என்னவோ.

கொருக்குப்பேட்டை வாசி

தகடு இல்லை அண்ணா, உரசியது குழாயின் வளைவை. படம் எடுத்து வைத்திருக்கிறேன். பொருத்தும்போது வால்வு பக்கத்துச் சின்ன மூடியை மட்டும்தான் கழற்றுகிறார்கள். அங்கே கண்ணில் படுவதெல்லாம் காப்பர்.

பெரம்பூர் வக்கீல்

சட்டத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பில் தேதியிலிருந்து என்று அதில் எங்கும் எழுதவில்லை. கடையில் சொன்னது பாதி உண்மை.

கெடு கடந்தாலும், தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் நுகர்வோர் ஆணையம், அதாவது நீங்கள் சொல்லும் கன்ஸ்யூமர் கோர்ட், அதை மன்னித்துப் புகாரை ஏற்கலாம், அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. அதற்குத் தனி மனு போட வேண்டும், ஆணையமும் காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். 1963-ஆம் வருட காலவரையறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலும் இந்த நியாயம் இருக்கிறது. மோசடியை மறைத்து வைத்திருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்தோ, நியாயமான கவனம் இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோதான் காலம் ஓடும். அந்த அக்காவுக்காக இதை எடுத்து வாதாடலாம்.

ஆனால் கடைக்காரர் பயப்படும் அளவுக்குக் கதவு திறந்தும் கிடக்கவில்லை. எதிர்த்தரப்பு கெடுவைப் பற்றி வாய் திறக்காவிட்டாலும் ஆணையமே அதைப் பார்த்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருக்கிறது.

ராயபுரம் கடைக்காரர்

"தெரிந்திருக்கக்கூடிய நாள்" என்றீர்கள் பாருங்கள், அதைத்தான் நானும் கேட்கிறேன். மாடல் நம்பரைக் கம்பெனி வலைத்தளத்தில் போட்டால் காயில் எதில் செய்தது என்று பெரும்பாலும் வரும். அறுபதாயிரம் கொடுத்து வாங்குகிறவர் அதைப் பார்க்கக் கூடாதா?

எண்ணூர் அக்கா

என்ன பேச்சு சார் இது? பில்லில் கடையே எழுதிக் கொடுத்த பிறகு நாங்கள் எதற்குச் சந்தேகப்பட்டு வலைத்தளத்தில் தேட வேண்டும்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை நம்பினால் அது கவனக்குறைவா?

என் கதை வேறு. என் ஃப்ரிட்ஜ் வாங்கிய வருடமே கம்ப்ரஸர் மக்கர் செய்தது. கம்பெனிக்கு போன் போட்டால் ஒரு கம்ப்ளெயிண்ட் நம்பர், "பார்ட் வருது மேடம்", அடுத்த மாதம் இன்னொரு நம்பர். நல்லபடியாகப் பேசுகிறார்களே, சண்டை எதற்கு என்று பொறுமையாக இருந்தேன். கடைசியில் வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். கேஸ் போடலாமா என்று விசாரித்தபோது இரண்டு வருடமும் தாண்டியிருந்தது. இழுத்தடித்தது அவர்கள், கெடு ஓடியது எனக்கு. கம்ப்ளெயிண்ட் நிலுவையில் இருக்கும்வரை இந்தக் காலம் நிற்க வேண்டாமா?

பெரம்பூர் வக்கீல்

நிற்காது அக்கா. அதை நினைத்தால் எனக்கும் மனசு ஆறவில்லை. அதே 2009-இல் ஒரு காப்பீட்டு வழக்கில், பல வருடம் கழித்து நோட்டீஸ் அனுப்பி அதற்குப் பதில் வந்ததால் மட்டும் கெடு புதிதாகத் தொடங்கிவிடாது என்று தீர்ப்பானது. அந்தக் கம்ப்ளெயிண்ட் நம்பர்களும் மெசேஜ்களும் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவுக்கு ஆதாரமாகும். கெடு முடிவதற்குள் "கோளாறு எங்களுடையது, மாற்றித் தருகிறோம்" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும். வெறும் போன் பேச்சை எங்கே போய்க் காட்டுவது?

லண்டன்வாழ் தண்டையார்பேட்டை

இங்கே இங்கிலாந்தில் வழக்குப் போட ஆறு வருடம். அதற்காக ஆறு வருடமும் ஜாலி என்று இல்லை. முதல் ஆறு மாதத்துக்குள் கோளாறு வெளிப்பட்டால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் இங்குள்ள 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகு நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் தலையில். ராயபுரம் அண்ணன் சொல்லும் கஷ்டத்துக்கு இங்கே இப்படி ஒரு வழி செய்திருக்கிறார்கள். காலத்தை நீட்டுங்கள், நிரூபிக்கச் சொல்லுங்கள்.

ராயபுரம் கடைக்காரர்

அப்படியென்றால் பேசலாம். இரண்டு வருடத்துக்கு மேல் வருகிறவர் தயாரிப்புக் கோளாறு என்று ஆய்வு அறிக்கையோடு வரட்டும். ஆனால் பில்லிலேயே "ஏழு நாளுக்குள் சொல்லாவிட்டால் பொறுப்பல்ல" என்று நாங்கள் போடுகிறோமே, அதற்கு ஒரு மதிப்பும் இல்லையா?

பெரம்பூர் வக்கீல்

வழக்குப் போடும் உரிமையைக் குறைக்க அது உதவாது. சட்டம் கொடுத்த காலத்தை ஒப்பந்தத்தில் சுருக்கினால் செல்லாது, இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 28. அதோடு, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர பில்லில் காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். அதற்குள் மறுத்தால் முறையற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டமே சொல்கிறது. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற வரியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பவர்கள் கழற்றிவிடலாம்.

எண்ணூர் அக்கா

ஆய்வு அறிக்கைக்குக் காசு யார் கொடுப்பது? கருவாட்டுக் கடை வைத்திருக்கிற என்னைப் போன்றவள் லேபுக்கு அலைய முடியுமா?

பெரம்பூர் வக்கீல்

ஆய்வு தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை எடுத்து லேபுக்கு அனுப்பலாம். அந்தக் கட்டணத்தை முதலில் புகார்தாரர்தான் கட்ட வேண்டியிருக்கும், அது உண்மையிலேயே சுமை. மற்றபடி கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், உங்களுக்கு அது சென்னை வடக்கா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். ஆனால் அங்கே பேசியதால் கெடு நிற்காது, அதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு: அந்தக் காயில் இப்போது எங்கே இருக்கிறது?

கொருக்குப்பேட்டை வாசி

மெக்கானிக் எடைக்குப் போடத் தூக்கினார், தடுத்து அக்கா வீட்டுப் பரண்மேல் ஏற்றியாகிவிட்டது. பிரித்துப் பார்த்த தேதியும் பார்த்ததும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். தாமத மனுவோடு இந்த வாரமே போடுகிறோம். கடைக்காரர் அண்ணா, அந்த மாடலுக்குக் கம்பெனி டீலர்களுக்குக் கொடுத்த விவரத் தாள் உங்களிடம் இருந்தால் ஒரு நகல் தருவீர்களா?

ராயபுரம் கடைக்காரர்

மாடல் நம்பரைத் தனியாக அனுப்புங்கள், கடையில் தேடிப் பார்க்கிறேன். கெடு விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.