கேஸ் கீசர் போட்டபின் சிலிண்டர் 18 நாள்தான் வருகிறது, இது சரியா?

வணக்கம். சத்துவாச்சாரியில் ஐந்து பேர் இருக்கும் வீடு. மாமியாருக்கு மூட்டுவலி, மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீர் ஆகாது என்று கார்த்திகையில் கேஸ் கீசர் போட்டோம். முன்பு 35 நாள் வந்த 14.2 கிலோ சிலிண்டர் இப்போது 18 நாளில் தீர்கிறது.

20 லிட்டர் பக்கெட்டை 20 டிகிரி சூடாக்க, வீணாவதையும் சேர்த்து 45 கிராம் கேஸ் போதும் என்று கணக்குப் போட்டேன். ஐந்து பக்கெட்டுக்கு 225 கிராம். ஆனால் முன்பைவிட நாளுக்கு 380 கிராம் கூடுதலாகப் போகிறது!

டியூபில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. வந்த சிலிண்டரை எடை போடாமல் விட்டது என் தவறு. அடுத்ததைப் போட்டுத்தான் வாங்குவேன்.

காட்பாடி, வேலூர் பக்கம் கீசர் வைத்திருக்கும் அக்கா, அண்ணன்களே, உங்களுக்கு எத்தனை நாள் வருகிறது? பர்னரைச் சுத்தம் செய்தால் குறையுமா?